தற்காலிக பஸ் ஸ்டாண்ட்

என்னை வீட்டுக்கு அனுப்பிய வாதம் நானே சொல்லிக் கொடுத்தது. ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதன் தன் சொந்த உவமையால் அடிபட்டு விழுவது தினமும் நடக்கிற காரியமில்லை. அதனால் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஆறுதல் சொல்ல விரும்புகிறவர்கள் என் மனைவியிடம் சொல்லலாம். அவளுக்குச் சிரிக்க இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம், காலி மனைகளுக்கு நடுவே புது வீடுகள் முளைத்திருக்கும் ஒரு தெருவில் எங்கள் கம்பெனி இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாங்கள். நாங்கள் என்றால் முதலாளி, நான், எங்கள் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் மேடம்.

முதலாளிக்கு என்னைவிடப் பதினாறு வயது கம்மி. அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். இஞ்சினியரிங் படித்து, வெளியூரில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். என்னை எப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். பல் டாக்டர் ஊசி போடுவதற்கு முன் கூப்பிடுகிற 'சார்' அது.

நான் பெங்களூரில் இருபது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்தவன். ஒரு நாள் காலை என் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. அட்டை பழுது என்று நினைத்து செக்யூரிட்டியிடம் சத்தம் போட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் விஷயம் புரிந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாக எனக்குத் தெரிவித்தவர் அவர். மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்தேன். மலையடிவாரத்தில் மன அமைதியைத் தேடி வந்ததாகச் சொந்தக்காரர்களிடம் சொன்னோம். அவர்கள் நம்பியதாகச் சொன்னார்கள்.

என் தொழில் கர்னல். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தாசில்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடம் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, எப்போது காலி செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அதற்குள் இருந்து இடம் பிரித்துக் கொடுக்கும் புரோகிராம் வரிகளை எழுதுகிறவன் நான். திருவண்ணாமலையில் இதற்கு இருக்கும் வேலைவாய்ப்பு, கடலே இல்லாத ஊரில் கப்பலோட்டிக்கு இருக்கும் வேலைவாய்ப்பு. இந்த மாடி ஒன்றுதான் எனக்குத் துறைமுகம்.

நாங்கள் செய்தது ஒரு கேமரா பெட்டி. கம்பத்தில் கட்டிவிட்டால் கீழே போகிற தலைகளை எண்ணும். கூட்டத்தின் படத்தைச் சுருக்கி, மோடம் வழியாக அனுப்பும். கிரிவலப் பாதை ஓரத்து லாட்ஜுகளும் வண்டி நிறுத்தும் மைதானங்களும் எங்கள் வாடிக்கையாளர்கள்.

மெமரி சிப் விலை ஏறியபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சார், இனிமே பாதி மெமரியிலதான் பெட்டி ஓடணும். ஓடலைன்னா வெளியில ரெடிமேடா கிடைக்குது, வாங்கி நம்ம ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம். அப்ப கர்னலுக்குன்னு ஒரு ஆள் தேவைப்படாது. உங்கள மனசுல வெச்சுத்தான் சொல்றேன்."

என்னை மனதில் வைத்தவர்கள் எல்லாரும் என்னைப் பிறகு வெளியில்தான் வைத்திருக்கிறார்கள். சரி என்றேன். பெட்டி பாதி மெமரியில் ஓடினால் எனக்கு வேலை உண்டு, ஓடாவிட்டால் இல்லை.

"இப்ப இருக்கற மெமரி எல்லாம் எங்கதான் சார் போகுது?" என்றார் முதலாளி.

"ஒரு பெரிய துண்டு சும்மா இருக்கு."

சும்மா என்ற சொல் அவரைக் குத்தியது. இந்த ஊருக்குச் சும்மா இருப்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். அறை எடுத்து, பருத்தி உடுப்பு வாங்கி, மாதக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். மெமரி சும்மா இருந்தால் மட்டும் யாருக்கும் பொறுப்பதில்லை.

"சும்மா எதுக்கு சார் இருக்கு?"

அப்போதுதான் விளக்க ஆரம்பித்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நன்றாகப் படித்தவனுக்கு விளக்கச் சொல்லி ஒருவர் கேட்டால், அது அவன் வாழ்க்கையில் எப்போதாவது வருகிற பண்டிகை.

மோடம் போன்ற சாதனங்கள் ஒவ்வொரு தடவையும் புராசசரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாமல், மெமரிக்குள் தாங்களே நேராகப் போய் எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு, டி.எம்.ஏ. என்பார்கள். போவதற்கு முன் கர்னல் அதற்கு ஒரு விலாசம் தர வேண்டும். வேலை முடிந்ததும் விலாசத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மேப்பிங் என்பது அவ்வளவுதான். எங்கள் மோடம் மலிவானது. மலிவு என்பதால் பார்வை கம்மி. மெமரியின் கீழ்ப்பகுதி மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். மேலே இருக்கும் படத்தை அதற்குக் கொடுக்க வேண்டுமென்றால், கீழே ஒதுக்கி வைத்த ஓர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். மோடம் அங்கே வந்து எடுத்துக்கொள்ளும்.

முதலாளியின் கண்ணில் ஒன்றும் எரியவில்லை. அதனால் சொன்னேன்: "பௌர்ணமி அன்னிக்கு வெளியூர் பஸ் ஊருக்குள்ள வருதா?"

"வராது. ஊருக்கு வெளிய தற்காலிக பஸ் ஸ்டாண்ட்ல நிறுத்திடுவாங்க."

"ஜனங்க அங்க இறங்கி, நடந்தோ ஆட்டோ புடிச்சோ உள்ள வராங்க. அதான் இது. மோடத்தால உள்ள வர முடியாது. அதுக்காக வெளிய ஒரு பஸ் ஸ்டாண்ட் கட்டி வெச்சிருக்கோம். மாசம் முழுக்க அந்த இடம் காலியா கிடக்குது. அதான் வேஸ்ட்டு."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "எங்க நிலமே பௌர்ணமி ஸ்டாண்ட்தான் சார். வேர்க்கடல எடுத்ததும் அப்பா வண்டி நிறுத்த வுட்டுடுவாரு. முடிஞ்சதும் திரும்ப ஏர் ஓட்டிடுவாரு."

"அதேதான்!" என்றேன். வகுப்பில் ஒரு பையன் சரியான விடை சொன்னதைப் போலப் பூரித்துப்போனேன்.

மேடம் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல், "இப்படி ஒரு தடவ எனக்கும் சொல்லியிருந்தா நாலு மாசமா நீங்க என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சிருக்கும் சார்" என்றார். மேடத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சோதனை செய்வது அவர் தொழில். கையில் பெட்டி இல்லாத நேரத்தில் மனிதர்களைச் சோதிப்பார்.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் குறிப்புகளைச் சுருக்கினேன். எந்தெந்தப் பக்கத்தில் என்ன வைத்தோம் என்று கர்னல் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தது. லாட்ஜில் ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தால் ரூம் ரூமாக எழுதாமல், 'இந்த ரூமிலிருந்து வரிசையாக இத்தனை' என்று ஒரே வரியில் எழுதுவதில்லையா, அப்படி மாற்றினேன். அதில் கொஞ்சம் மிச்சம். பிறகு பெரிய துண்டுக்கு வந்தேன். கிரிவலப் பாதையில் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியைக் கட்டி அளந்தோம். இரண்டு ஆட்டோ, ஒரு எருமை, காவி கட்டிய ஒருவர், அவரைத் துரத்திய ஒரு நாய். ஒதுக்கிய இடத்தில் ஒரு மூலைகூட நிரம்பவில்லை. இடத்தை வெட்டினேன். எருமைக்கும் நாய்க்கும் தாராளமாகப் போதும் என்கிற அளவுக்கு வைத்துக்கொண்டேன். பெட்டி பாதி மெமரியில் ஜம்மென்று ஓடியது.

கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காமலில்லை. யோசித்துத்தான் தப்பான முடிவுக்கு வந்தேன். கேமராவுக்கு எருமை ஒன்று நின்றாலும் லட்சம் பேர் நடந்தாலும் படத்தில் புள்ளிகள் அதே எண்ணிக்கைதான் என்று கணக்குப் போட்டேன். அது சரி. ஆனால் மோடத்துக்குப் போவது சுருக்கிய படம். சும்மா கிடக்கும் ரோடு சுருக்கினால் பொட்டலமாக அடங்கும். ஆளுக்கொரு பக்கம் அசையும் கூட்டம் அடங்காது. பிறந்து வளர்ந்த ஊரில், மாதா மாதம் வாசலில் வந்து நிற்கும் பௌர்ணமியை என் வாயாலேயே உதாரணம் சொல்லிவிட்டு, கணக்கில் மட்டும் சேர்க்காமல் விட்டேன். வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். பௌர்ணமி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான்.

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் முதலாளி ஒரு காண்ட்ராக்டரை ஆபீசுக்கு அழைத்திருந்தார். லாட்ஜுகளுக்குக் காவலாட்கள் அனுப்புகிறவர். பிடித்திருந்தால் பெட்டிகளை மொத்தமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பெரிய டி.வி.யில் கிரிவலப் பாதை தெரிந்தது. வெயில் இறங்க இறங்கக் கூட்டம் கூடியது. மூலையில் தலை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. காண்ட்ராக்டர் தலையை ஆட்டி ரசித்தார். நானும் ஆட்டினேன்.

பிறகு மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள் வலது காலைத் தூக்கினார். கீழே வைக்கவில்லை.

எல்லாரும் காத்திருந்தோம். அவருக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான பேரும் அவர் காலை வைப்பதற்காகக் காத்திருந்தார்கள். எண்ணிக்கையும் நின்றுவிட்டது.

"என்னா சார், எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க?" என்றார் காண்ட்ராக்டர். "சாமி ஏதாவது எதிர்ல வந்துடுச்சா?"

மேடம் பெட்டி தானாகக் குறித்து வைக்கும் லாக்கைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: "இடம் இல்ல, இடம் இல்ல, இடம் இல்ல, இடம் இல்ல... இன்னும் வருது சார். படிக்கட்டுமா?"

"வேணாம்" என்றேன்.

"எரும போறப்ப நல்லாத்தான் ஓடுச்சு" என்று காண்ட்ராக்டருக்கு விளக்கம் கொடுத்தார் மேடம்.

"அப்ப எருமைக்கு ஒன்னு வாங்கிக்கறேன்" என்றார் காண்ட்ராக்டர். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரோடும் நானும் சிரித்தேன். இந்த வயதில் அது ஒரு பழக்கமாகிவிட்டது.

முதலாளி கோபப்படவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்து, டீக்கடைக்காரரிடம், "மூணு டீ" என்றார். அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நான் அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டி.வி.யில் மஞ்சள் புடவை அம்மாள் இன்னமும் ஒற்றைக் காலில் நின்றார். அந்த அறையில் என் பக்கம் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

காண்ட்ராக்டர் போனதும் முதலாளி சொன்னார்: "அடுத்த பௌர்ணமிக்குத் திரும்ப வரேன்னிருக்காரு சார். அது வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல நானும் மனுஷன்தான்."

வீட்டில் என் மனைவி அன்றைக்கு இல்லை. கலெக்டர் ஆபீசில் வேலை. பௌர்ணமிக்கு அவர்களுக்கெல்லாம் டியூட்டி போடுவார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு தற்காலிக பஸ் ஸ்டாண்டில் நின்று, எந்த பஸ் எங்கே போகும் என்று ஜனங்களுக்குச் சொல்வாள். மறுநாள் வந்து கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"ஏங்க, ஊரே பௌர்ணமிக்கு ரெடியாவுது. பூக்காரம்மா ரெடியாவறாங்க, சுண்டல்காரர் ரெடியாவறாரு. ஒன்னுமே தெரியாத மாதிரி நீங்க ஒருத்தர்தான் எருமையக் கூப்ட்டு அளவெடுத்திருக்கீங்க."

"அது நானா கூப்பிடல. தானா வந்துச்சு."

"கம்ப்யூட்டர்ல இடம் மிச்சம் பண்றாராம். பீரோவுல ஒரு தட்டு காலி பண்ணுங்கன்னு தீபாவளியிலேருந்து சொல்றேன்."

பழைய அளவுக்கே இடத்தை ஒதுக்கினால் பாதி மெமரியில் பெட்டி ஓடாது. வெட்டினால் கூட்டத்தில் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் என் வேலை தொங்கியது. சில நாள் ஒன்றும் ஓடவில்லை. பிறகு முதலாளி சொன்ன வேர்க்கடலை ஞாபகம் வந்தது. அவர் அப்பா நிலத்தை மாதம் முழுக்கக் காலியாக வைத்திருப்பதில்லையே. வண்டி வரும்போது விடுகிறார், போனதும் உழுகிறார். அப்படியென்றால் நிரந்தரமாகப் பெரிய இடம் எதற்கு? ஓரமாக ஒரு சின்னத் துண்டு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடி வந்தால் கீழ்ப்பகுதியில் அப்போதைக்குச் சும்மா கிடக்கும் இடத்தைக் கர்னல் தானாகப் பிடித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெருக்கடி தீர்ந்ததும் திருப்பிவிட வேண்டும்.

சொல்வதற்குச் சுலபம். பஸ் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்போது, நிலத்துக்காரர் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று சொல்ல முடியாது. மோடம் கேட்கிற அந்தக் கணத்தில் கர்னலுக்குக் காத்திருக்க அனுமதி இல்லை. அதற்காகத்தான் ஓரத்துத் துண்டு. முதல் சில பஸ்களை அதில் நிறுத்திக்கொண்டே, பின்னணியில் பெரிய இடத்தைத் தேட வேண்டும். ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் சின்னச் சின்னதாக. எழுதினேன், அழித்தேன், எழுதினேன். இருபது வருட வேலையில் நான் எழுதிய நல்ல வரிகள் எவை என்று யாராவது கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

சோதிக்க வேண்டிய நேரம் வந்தது. பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருந்தது. கூட்டத்துக்கு எங்கே போவது?

மேடம் வீட்டிலிருந்து ஒரு பெட்ஷீட் கொண்டுவந்தார். பெரிய பெரிய பூப்போட்டது. "சார், கேமரா முன்னாடி நின்னு இத உதறுங்க. எவ்ளோ அசையுதோ அவ்ளோ படம் பெருசாவும்."

உதறினேன்.

"பத்தல சார். கூட்டம் மாதிரி உதறுங்க. இது ஒரு ஆள் துணி காயப்போடற மாதிரி இருக்கு."

இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி உதறினேன்.

"அப்படியே நீங்களும் ஆடுங்க."

"நான் எதுக்கு?"

"நீங்களும் படத்துல வரீங்கல்ல? நீங்க மட்டும் சும்மா நின்னா மெமரி கம்மியாத்தான் புடிக்கும்."

ஆடினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் கரண்ட் பில் விஷயமாக மேலே வந்தவர், வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் படி இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய குரலில் ஒரு மென்மை வந்துவிட்டது.

"ஏறிடுச்சு சார்!" என்று மேடம் கத்தினார். "இடம் தானா ஏறுது! நிறுத்துங்க, நிறுத்துங்க... இறங்குது! திருப்பி வுட்டுடுச்சு!"

மூச்சிரைக்க உட்கார்ந்தேன். மேடம் என்னைப் பார்த்து முதல் தடவையாக, கேலி இல்லாமல், "நல்லாருக்கு சார்" என்றார். பிறகு தாங்காமல், "ஆட்டமும்தான்" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்குக் காண்ட்ராக்டர் வந்தார். அதே டி.வி., அதே பாதை, போன தடவையைவிட ஜாஸ்திக் கூட்டம். யாரும் ஒற்றைக் காலில் நிற்கவில்லை. எண்ணிக்கை நிற்காமல் ஏறியது. பெட்டிகளை மொத்தமாக எடுப்பதாகச் சொல்லிவிட்டுக் காண்ட்ராக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நாலு டீ" என்றார். அந்த டீயை நான் ரொம்ப நேரம் குடித்தேன்.

நாலைந்து நாள் கழித்து முதலாளி என்னை உட்கார வைத்தார். மேடமும் அறையில்தான் இருந்தார்.

"சார், நீங்க சொன்னத யோசிச்சுக்கிட்டே இருந்தேன். எங்க அப்பாகிட்ட கூடச் சொன்னேன். பெரிய இடத்த மாசம் முழுக்க சும்மா வெச்சிருக்கறது வேஸ்ட்டுன்னு."

"ஆமா" என்றேன். எங்கே போகிறது என்று தெரியவில்லை. இன்னும் பண்டிகை மனநிலையில்தான் இருந்தேன்.

"இப்ப பெட்டி ஓடுது. சாதாரண நாள்ல கர்னல்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு சார்?"

"இப்போதைக்கு ஒன்னும் இல்ல."

"வேலை வந்தா பௌர்ணமி அன்னிக்குத்தான் வரும். இல்ல?"

"வந்தா அன்னிக்குத்தான்."

நான் சொன்ன இரண்டு பதில்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே பார்ப்பதற்கு அவர் நேரம் கொடுத்தார். பார்த்தேன்.

"நான் மெமரியச் சொன்னேன்" என்றேன்.

"எல்லாம் இடம்தான் சார்."

"திடீர்னு நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"அதுக்குத்தான ஓரமா ஒரு சின்னத் துண்டு வெச்சுக்கணும்னீங்க?" என்று மேடத்தின் பக்கம் பார்த்தார். "மேடம் இருக்காங்க. அவங்க சமாளிச்சுக்கிட்டே உங்களக் கூப்புடுவாங்க. முடிஞ்சதும்..."

"திருப்பி வுட்டுடுவீங்க."

"நீங்க எழுதின புரோகிராம்தான் சார் கத்துக் கொடுத்துச்சு" என்றார். அதில் கேலி துளியும் இல்லை. உண்மையான நன்றியோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னையச் சின்னத் துண்டுன்றது பாராட்டா, திட்டா?" என்றார் மேடம்.

மறுத்துப் பேச ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. ஆட்சேபங்களையெல்லாம் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒன்று விடாமல் அடைத்தவன் நான்தானே. அந்த ஏற்பாட்டில் ஓட்டை இருந்தால் நான் எழுதியதிலும் ஓட்டை இருக்கிறது என்று ஆகும். வேலை போவதா, வேலைத்திறன் போவதா என்று வந்தபோது, வாயை மூடிக்கொண்டேன். அகம்பாவம் என்பது மெமரியில் கடைசி வரைக்கும் காலி செய்ய முடியாத பகுதி.

ஆக, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்தால் போதும் என்று ஏற்பாடாயிற்று. என் மேஜையை எடுத்து அங்கே மேடம் தன் பெட்டிகளை அடுக்கினார். முதுகு சாய்க்க வசதியான என் நாற்காலியும் அவருக்குப் போயிற்று. "நீங்க வர்றப்ப எழுந்துக்கறேன் சார்" என்று சொன்னார்.

மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். மனம் இளகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"அப்ப நமக்கு ரெண்டு பேருக்கும் பௌர்ணமி டியூட்டி" என்றாள். "எனக்கு மத்த நாளும் சம்பளம் உண்டு. அவ்ளோதான் வித்தியாசம்."

சிறிது நேரம் கழித்து, "பீரோ தட்டு?" என்றாள்.

அடுத்த பௌர்ணமிக்கு ஆபீசுக்குக்கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடி அண்ணாமலையில் முதலாளியின் நிலத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பெட்டி கட்டியிருந்தது. கூட்டம் அங்கேதான் ஜாஸ்தி, அதனால் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. மதியம் போனேன். வேர்க்கடலை பிடுங்கிய நிலம். செருப்புக்கடியில் காய்ந்த கொடி நொறுங்கியது. நாலு கழி நட்டு ஒரு சாமியானா, அதன் கீழ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதலாளியின் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கார்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு அங்குலம் வீணாகவில்லை. கர்னலுக்குள் இருக்க வேண்டியவர்.

மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அன்று நான் வேண்டிக்கொண்டது என்ன என்பதை மலைக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லக் கூசுகிறது. கூட்டம் இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும், என் வரிகள் திணறட்டும், ஒரே ஒரு 'இடம் இல்ல' விழட்டும் என்று வேண்டினேன். விழுந்தால் அதைச் சரிசெய்ய ஓர் ஆள் தேவைப்படும். கூட்டம் வந்தது. பேருந்து பேருந்தாக வந்தது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, கோஷம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒதுக்கீடு ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. இவ்வளவு நன்றாக எழுதியவனை என்ன செய்தால் தகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு எண்ணை மாற்றினால் போதும், பெட்டி மண்டியிடும். அந்த எண்ணமும் வந்தது. ஆனால் மேடம் மறுநாளே பெட்ஷீட்டை உதறிக் கண்டுபிடித்துவிடுவார். எனக்குப் பதிலாக ஜெராக்ஸ் கடைக்காரரை ஆடச் சொல்லவும் தயங்க மாட்டார்.

விடிந்தது. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஃபோனில் மேடம் கூப்பிட்டார்.

"சார், லாக் பாத்தீங்களா? ஒரு எரர் கூட இல்ல. சூப்பர் சார்."

"பாத்தேன்."

"முதலாளி கேக்கச் சொன்னாரு. அடுத்த மாசம் உங்களக் கூப்புடணுமா, தேவையில்லையா?"

"இன்னும் கொஞ்ச மாசம் பாக்கறது நல்லதுன்னு சொல்லுங்க. கார்த்திகை தீபம் வருது. அந்தக் கூட்டம் வேற கூட்டம்."

மேடத்துக்கு என்மேல் இரக்கம் உண்டு. ஆனால் சோதனை செய்கிறவர் கையில் இரக்கம் நிற்காது.

"தீபத்துக்கும் தாங்கும்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"எழுதினேன்."

"பொய்யா?"

இதற்கு 'ஆமாம்' என்று சொன்னால் எனக்கு இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். என்னால் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"இல்ல. தாங்கும்."

"சரி சார். சொல்லிடறேன்" என்று ஃபோனை வைத்தார்.

லேப்டாப்பை மூடினேன். சாமியானாக்காரர்கள் கழிகளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். நிலத்தின் அந்தக் கோடியில் டிராக்டர் வந்து நின்றது. முதலாளியின் அப்பா என் எதிரில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்தார்.

"கொஞ்சம் எழுந்துக்கறீங்களா சார்? இது வாடகைச் சேரு. எண்ணி ஒப்படைக்கணும்."

எழுந்தேன். அவர் நாற்காலியைத் தூக்கி மற்ற நாற்காலிகளின் மேல் செருகினார். டிராக்டர்காரரைப் பார்த்துக் கை காட்டினார். பிறகு திரும்பி, நான் இன்னும் அங்கேயே நிற்பதைக் கவனித்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.